சித்தி கேட்ட கிரைண்டர் சத்தம்!

மத்தியானம் பன்னிரண்டரை. ஆபீஸில் டிபன் பாக்ஸைத் திறந்து, இன்றைக்கும் எலுமிச்சை சாதம்தான் என்ற கசப்பான உண்மையை ஜீரணிக்க முயன்றுகொண்டிருந்தேன். போன் அடித்தது. அமெரிக்காவிலிருந்து சித்தி.

"என்ன சித்தி, அங்கே இப்ப ராத்திரி மூணு மணி இருக்குமே? தூங்கலையா?"

"எங்கேடா தூங்கறது? பக்கத்துல யாரோ ராத்திரி பூரா கிரைண்டர் ஓட்டறாங்க. நான் வந்து பத்து நாளாச்சு, ஒரு நாள்கூட நிறுத்தலை. அப்படி எத்தனை படி அரிசிடா போடுவாங்க?"

"அமெரிக்காவுல ஏது சித்தி கிரைண்டர்?"

"ஏன், இந்தத் தெருவிலேயே நாலு தெலுங்குக் குடும்பம், ரெண்டு தமிழ்க் குடும்பம் இருக்கு. அவங்கள்லாம் இட்லி சாப்பிட மாட்டாங்களா?"

லாஜிக் என்னவோ சரியாகத்தான் இருந்தது.

சித்தி போயிருந்தது மகன் வீட்டுக்கு. பேத்தியைப் பார்த்துக்கொள்ள ஆறு மாதம். தம்பி அங்கே சாஃப்ட்வேரில் இருக்கிறான். வாஷிங்டனை ஒட்டிய வடக்கு வர்ஜீனியாவில், விமான நிலையத்துக்குக் கொஞ்ச தூரத்தில் ஒரு புறநகரில் வீடு. முப்பது வருடக் கடன். வீட்டுக்குப் பின்னால் மரங்கள், மரங்களுக்குப் பின்னால் காலி மனை. வாங்கும்போது புரோக்கர், "அங்கே ஏதாவது ஆபீஸ் வரும், அமைதியான ஏரியா" என்றிருக்கிறார். உலகம் முழுக்க புரோக்கர் ஜாதி ஒன்றுதான் சார்!

மறுநாள் தம்பியே போன் பண்ணினான். குரலில் ஒரு சங்கடம்.

"அது கிரைண்டர் இல்லைண்ணா. டேட்டா சென்டர்."

"அதுக்கும் உனக்கும்..."

"அதான் அண்ணா கொடுமை. நான் எழுதற புரோகிராம் எல்லாம் இந்த மாதிரி பில்டிங்லதான் ஓடுது. நான் யார்கிட்ட போய்க் கம்ப்ளெயின்ட் பண்றது?"

காமர்ஸ் படித்தவனுக்கு இதில் ஒரு சுவாரசியம் தட்டியது. சம்பளமும் அந்தச் சத்தத்திலிருந்துதான். தூக்கம் போனதும் அந்தச் சத்தத்தால்தான். ஒரே ஐட்டம் வரவிலும் வருகிறது, செலவிலும் வருகிறது. இந்தக் கணக்கை எந்த லெட்ஜரில் எழுதுவது? விசாரிக்க ஆரம்பித்தேன்.

மேகம் இருக்குமிடம்

'கிளவுட்', 'மேகம்' என்கிறார்களே, அது வானத்தில் இல்லை. நீங்கள் காலையில் அனுப்பும் ரோஜாப்பூ குட்மார்னிங், பேங்க் பேலன்ஸ், ஆபீஸ் மெயில், ராத்திரி பார்க்கிற படம் எல்லாம் எங்கோ ஒரு ஜன்னலில்லாத கான்கிரீட் கட்டடத்தில் கம்ப்யூட்டர்களாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. அதுதான் டேட்டா சென்டர்.

கம்ப்யூட்டர் சாப்பிடுகிற கரண்ட் அத்தனையும் கடைசியில் சூடாகத்தான் மாறும். அந்தச் சூட்டை வெளியே தள்ளவில்லை என்றால் கம்ப்யூட்டர் படுத்துவிடும். எனவே மொட்டை மாடியிலும் பக்கவாட்டிலும் ராட்சத மின்விசிறிகள், சில்லர்கள். இருபத்து நாலு மணி நேரமும் சுற்றும். தீபாவளி, பொங்கல், ஞாயிறு எதற்கும் லீவு கிடையாது. கரண்ட் போனால் கைகொடுக்க டீசல் ஜெனரேட்டர்கள். நம் கல்யாண மண்டபத்து ஜெனரேட்டர் இல்லை. ஒவ்வொன்றும் 2, 3 மெகாவாட், லாரி கண்டெய்னர் அளவு, வரிசையாகப் பல டஜன். கரண்ட் போகாவிட்டாலும், வேலை செய்கிறதா என்று அவ்வப்போது ஓட்டிப் பார்க்க வேண்டும்.

ஒரு 30 மெகாவாட் சென்டரை எடுத்துக்கொள்வோம். வீட்டுக்கு 5 கிலோவாட் என்று தாராளமாகப் போட்டால்கூட 6,000 வீட்டின் கரண்ட்! ஒரு சின்ன டவுன் முழுவதும் ஒரே காம்பவுண்டுக்குள் வந்து உட்கார்ந்த மாதிரி. ஆனால் உள்ளே ஆட்கள் மிகக் குறைவு. வெளியே இருந்து பார்த்தால் சாதுவான கோடவுன்.

"இதை ஏன் வீட்டுப் பக்கத்தில் கட்ட வேண்டும்? பொட்டல் காடா இல்லை அமெரிக்காவில்?" என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன்.

விஷயம் பழசு. 1990-களின் ஆரம்பத்தில், இன்டர்நெட் தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில், பல கம்பெனிகளின் நெட்வொர்க்குகள் ஒன்றோடு ஒன்று கைகுலுக்கும் முதல் சந்திப்புகளில் ஒன்று இந்த வடக்கு வர்ஜீனியாவில்தான் அமைந்தது. ஒரு கார் பார்க்கிங் கட்டடத்துக்குள்! 1996-ல் ஏ.ஓ.எல். கம்பெனி பக்கத்து லவுடன் கவுண்டிக்குத் தலைமை அலுவலகத்தை மாற்றியது. (கவுண்டி என்றால் கிட்டத்தட்ட நம் மாவட்டம் மாதிரி.) பூமிக்கடியில் ஃபைபர் கேபிள்கள் வந்து குவிந்தன. கரண்டும் மலிவு. கேபிள் இருக்கிற இடத்துக்கு சென்டர், சென்டர் இருக்கிற இடத்துக்கு இன்னும் கேபிள். டீக்கடை பக்கத்தில் பீடாக்கடை வருகிற அதே தர்மம். இன்றைக்கு அந்த கவுண்டியில் ஆஷ்பர்ன் என்ற ஊரைச் சுற்றியுள்ள பகுதிக்கு 'டேட்டா சென்டர் ஆலி' என்றே பெயர். உலகத்திலேயே இவ்வளவு டேட்டா சென்டர்கள் ஒரே இடத்தில் குவிந்திருப்பது அங்கேதான்.

கேபிள் வந்த பாதையிலேயே வீடுகளும் வந்தன. வேலை அங்கே, நல்ல பள்ளிக்கூடம் அங்கே. வர்ஜீனியா சட்டமன்றத்தின் ஆய்வுக் குழு 2024 டிசம்பரில் ஒரு அறிக்கை கொடுத்தது. மாநிலத்து டேட்டா சென்டர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று குடியிருப்புகளுக்கு அருகில் இருக்கிறதாம்.

கூடத்தில் நின்ற பன்றி

இதையெல்லாம் கட்டுப்படுத்தத்தானே சட்டம் இருக்கிறது? இருக்கிறது. 'ஜோனிங்' என்று பெயர். ஊரின் வரைபடத்தில் கலர் அடிப்பது. இது குடியிருப்பு, இது வணிகம், இது தொழிற்சாலை என்று. நியூயார்க் நகரம் 1916-லேயே ஆரம்பித்துவிட்டது.

பத்து வருடம் கழித்து அது அமெரிக்க சுப்ரீம் கோர்ட் வரை போனது. ஓஹையோ மாநிலத்தில் யூக்ளிட் என்று ஒரு கிராமம். அங்கே 68 ஏக்கர் வைத்திருந்த ரியல் எஸ்டேட் கம்பெனி, "என் நிலம், தொழிற்சாலைக்கு விற்பேன். கலர் அடிக்க நீ யார்?" என்று கேஸ் போட்டது. 1926-ல் கிராமம் ஜெயித்தது. தீர்ப்பில் நீதிபதி சதர்லேண்ட் சொன்னதன் சாரம் இது: தொல்லை என்பது பல சமயம் கெட்ட பொருள் இல்லை, சரியான பொருள் தப்பான இடத்தில் இருப்பதுதான். பட்டியில் இருக்க வேண்டிய பன்றி கூடத்தில் வந்து நிற்கிற மாதிரி!

நூறு வருடம் ஆனாலும் இதைவிடத் தெளிவாக யாரும் சொன்னதில்லை. டேட்டா சென்டர் பாவம் எதுவும் செய்யவில்லை. அது இல்லாமல் உங்கள் சம்பளம்கூட அக்கவுண்ட்டில் ஏறாது. கேள்வி ஒன்றே ஒன்றுதான்: பட்டியா, கூடமா?

சிக்கல் எங்கே வந்தது தெரியுமா? பெயரில்! விதிப் புத்தகங்களை எழுதியபோது டேட்டா சென்டர் என்கிற ஜந்துவே கிடையாது. பல ஊர்ப் புத்தகங்களில் அந்த வார்த்தையே இல்லை. விண்ணப்பம் வந்ததும் அதிகாரிகள் அகராதியைப் புரட்டினார்கள். உள்ளே கம்ப்யூட்டர் இருக்கிறது, அப்போ ஆபீஸ். ஆள் கம்மியாக இருக்கிறது, அப்போ கோடவுன். கேபிள் வருகிறது, அப்போ டெலிபோன் எக்ஸ்சேஞ்ச். ஆபீசும் கோடவுனும் வீட்டுப் பக்கத்தில் வரலாமா? வரலாம். முடிந்தது கதை.

அதிலும் 'பை ரைட்' என்று ஒரு ஏற்பாடு. அந்தக் கலர் அடித்த இடத்தில் இன்னின்ன கட்டலாம் என்று புத்தகம் சொல்லிவிட்டால், உயரம், இடைவெளி எல்லாம் அளவுக்குள் இருந்தால், அதிகாரி கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும். அக்கம்பக்கத்துக்காரர்களைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டியதில்லை. தம்பி வீட்டுக்குப் பின்னால் வந்தது அப்படித்தான். ஒரு நாள் மரம் வெட்டினார்கள். பதினெட்டு மாதத்தில் எழுபது அடி சுவர் எழுந்தது. தம்பி கலர் மேப்பை முதன்முதலாகப் பார்த்தது அதற்கப்புறம்தான்.

"வாங்கறதுக்கு முன்னாடி பார்க்கலையாடா?"

"கிச்சன்ல கிரானைட் போட்டிருக்கானான்னு பார்த்தேண்ணா."

நான் எதுவும் சொல்லவில்லை. நான் ஃப்ளாட் வாங்கியபோது பால்கனியில் துணி காயப்போட இடமிருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்தேன்.

வரவு ரொம்பப் பெரிசு

இனி கணக்குப் பகுதி. கம்பெனிகளைத் திட்டிவிட்டுப் போவது சுலபம். ஆனால் வரவு பக்கத்தையும் பார்க்காவிட்டால் நான் படித்த பி.காம். என்னை மன்னிக்காது.

லவுடன் கவுண்டியில் டேட்டா சென்டருக்குள் இருக்கும் கம்ப்யூட்டர்களுக்கே வரி உண்டு. மதிப்பில் 100 டாலருக்கு 4 டாலருக்கு மேல். கம்ப்யூட்டர் பழசானால் மதிப்பு குறையும். ஆனால் சில வருடங்களுக்கு ஒருமுறை தூக்கிப் போட்டுப் புதுசு வாங்குவார்கள். வரியும் புதுசாகக் கொட்டும். டேட்டா சென்டருக்காக ஒரு டாலர் செலவு செய்தால் வரியாக 26 டாலர் திரும்புகிறது என்று கவுண்டியே பெருமையாகச் சொல்லியிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் படிக்கப் பிள்ளைகளை அனுப்பாத, ரோட்டில் டிராஃபிக் ஜாம் பண்ணாத, வரி மட்டும் கட்டுகிற குடித்தனக்காரர். எந்த வீட்டுக்காரர் வேண்டாம் என்பார்?

அந்தப் பலன் மக்களுக்கும் வந்திருக்கிறது. 2015-ல் அங்கே வீட்டு வரி 100 டாலர் மதிப்புக்கு 1.135 டாலர். 2025-ல் 0.805. ஏழு லட்சம் டாலர் வீடு, மதிப்பு மாறவில்லை என்று வைத்துக்கொண்டால், வருடத்துக்கு 7,945 டாலர் கட்டிக்கொண்டிருந்தவர் 5,635 கட்டினால் போதும். மிச்சம் 2,310 டாலர்.

"அப்போ உங்க தெருவுக்கு 2,310 டாலருக்கு விலைபோன தூக்கம்னு சொல்லு" என்றேன்.

"இல்லைண்ணா. வரிக் குறைவு கவுண்டியில எல்லாருக்கும். சத்தம் எங்க தெருவுக்கு மட்டும்தான்."

இங்கேதான் சார் மொத்த விஷயமும் இருக்கிறது. லாபம் ஊருக்குப் பிரிகிறது, நஷ்டம் ஒரு தெருவில் வந்து சேர்கிறது. ஊர் ஓட்டுப் போட்டால் தெரு எப்படி ஜெயிக்கும்? அந்த ஒரு தெருவைக் காப்பாற்றத்தான் விதி என்று ஒன்று வேண்டியிருக்கிறது.

டெசிபலில் தள்ளுபடி!

தம்பி தங்கள் குடியிருப்போர் சங்கத்தில் சொன்னான். அவர்கள் ஒரு ஆளைக் கூட்டிவந்து மீட்டர் வைத்து அளந்தார்கள். அளவு விதிக்குள் இருந்தது! "எல்லாம் லிமிட்டுக்குள்தான் இருக்கிறது" என்று காகிதம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். சித்தி அந்தக் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "இதைத் தலைகாணிக்கு அடியில வெச்சா தூக்கம் வருமா?" என்று கேட்டாளாம்.

மீட்டர் பொய் சொல்லவில்லை. தள்ளுபடி செய்திருக்கிறது. விதிகளில் வழக்கமாக இருப்பது 'டெசிபல் ஏ' என்ற அளவு. மெல்லிய ஒலியைக் கேட்கும்போது மனிதக் காதுக்குத் தாழ்ந்த குரல் சரியாக எடுபடாது என்ற அடிப்படையில் அந்த அளவு, அடித்தொண்டை ஒலிகளைக் கழித்துவிடும். 63 ஹெர்ட்ஸ் ஒலி என்றால் கிட்டத்தட்ட 26 டெசிபல் அவுட்! டெசிபல் கணக்கில் 10 குறைந்தாலே சத்தம் பாதியானதாகக் காதுக்குத் தோன்றும். 26 என்றால் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் விசிறியும் சில்லரும் எழுப்புவது பெரும்பாலும் இந்த 'ம்ம்ம்ம்' ரகம்தான். இந்த ரகம்தான் சுவரையும் கண்ணாடியையும் ஊடுருவி உள்ளே வருவதில் கில்லாடி. 'டெசிபல் சி' என்று இன்னொரு அளவு உண்டு. அது இந்தத் தள்ளுபடியைக் கொடுப்பதில்லை. ஆனால் விதியில் 'ஏ' என்று இருந்தால் 'ஏ'தான்.

அந்த வர்ஜீனியா அறிக்கையும் இதை நியாயமாகச் சொல்கிறது. இந்தச் சத்தம் காதைச் செவிடாக்கும் அளவுக்கு இல்லை, ஆனால் விடாமல் கேட்பதால் அருகில் இருப்பவர்களின் வாழ்க்கையைக் கெடுக்கிறது என்று.

இன்னொரு கூத்தும் நடந்தது. பக்கத்து பிரின்ஸ் வில்லியம் கவுண்டியில், மனாசஸ் பக்கம் ஒரு குடியிருப்பு. 2022-ல் டேட்டா சென்டர் இரைச்சல் என்று புகார் கிளம்பியது. சத்தச் சட்டத்தைப் புரட்டினால், ஏர்கண்டிஷனர் சத்தத்துக்கு விலக்கு! பக்கத்து வீட்டு ஏ.சி. ஓடுகிறது என்று யாரும் போலீசுக்குப் போகக்கூடாது என்ற நல்லெண்ணத்தில் எழுதியது. மாடி முழுக்க நிற்கிற ராட்சத சில்லர்களும் அகராதிப்படி ஏர்கண்டிஷனர்தானே? பூனைக்கு வைத்த ஓட்டை வழியாக யானை போய்விட்டது. அப்புறம்தான் விலக்கில் கை வைத்தார்கள்.

27 மணி நேரம் நடந்த கூட்டம்

அதே கவுண்டியில் இன்னொரு பெரிய போராட்டம். அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்த மனாசஸ் போர்க்களத்தை ஒட்டி, சுமார் 2,100 ஏக்கரில் டேட்டா சென்டர்கள் கட்ட நிலத்தின் கலரை மாற்ற வேண்டும். 2023 டிசம்பர் 12-ம் தேதி பொது விசாரணை. ஆதரவாளர்கள், எதிர்ப்பாளர்கள், நிலத்தை விற்கப்போகிறவர்கள், வீட்டை விற்க முடியாதவர்கள் என்று வரிசையில் நின்று பேசினார்கள். விடிய விடிய! மொத்தம் சுமார் 27 மணி நேரம். நம் ஊர் தெருக்கூத்துகூட இவ்வளவு நேரம் போகாது. மறுநாள் ஓட்டெடுப்பு. 4 பேர் ஆதரவு, 3 பேர் எதிர்ப்பு, ஒருவர் நடுநிலை. பாஸ்!

கதை முடியவில்லை. சுற்றியிருந்த வீட்டுக்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2025 ஆகஸ்டில் நீதிபதி அந்த அனுமதியையே செல்லாது என்றார். காரணம் சத்தமில்லை, புகையில்லை, போர்க்களமில்லை. கூட்டத்துக்கு முன் பத்திரிகையில் கொடுக்க வேண்டிய அறிவிப்பைச் சட்டம் சொன்ன முறைப்படி கொடுக்கவில்லை! வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனது வேறு கதை. ஆனால் நாம் சுண்டல் மடிக்கிற அந்தப் 'பொது அறிவிப்பு'க்கு எவ்வளவு பலம் பார்த்தீர்களா?

இதற்குள் மற்ற ஊர்களும் முழித்துக்கொண்டன. அரிசோனா மாநிலத்தில் சாண்ட்லர் என்ற ஊர் 2022 டிசம்பரில் தனி விதியே கொண்டுவந்தது. கட்டுவதற்கு முன் சத்தம் பற்றிய ஆய்வு, ஜெனரேட்டர் சோதனை பகலில்தான், அக்கம்பக்கத்துக்கு முன்கூட்டியே தகவல். ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டி 2024 செப்டம்பரில், குடியிருப்பு எல்லைக்கு 200 அடிக்குள் சென்டர் கூடாது, மெட்ரோ ரயில் நிலைய வாசலிலிருந்து ஒரு மைலுக்குள் கூடாது, சத்த ஆய்வு கட்டாயம் என்றது. ஸ்டேஷன் பக்கத்து இடம் மனிதர்கள் குடியிருக்க, கம்ப்யூட்டருக்கு ரயில் ஏறத் தெரியாது என்ற எளிய உண்மை!

வரியில் குளித்துக்கொண்டிருந்த லவுடனே 2025 மார்ச்சில் 'பை ரைட்'டை எடுத்துவிட்டது. இனி ஒவ்வொரு புது சென்டருக்கும் பொது விசாரணை, மேலிட ஓட்டு. ஏற்கெனவே வரிசையில் நின்ற சிலருக்கு மட்டும் விலக்கு.

எதிலும் "டேட்டா சென்டரே கூடாது" என்று இல்லை, கவனியுங்கள். எங்கே, எவ்வளவு தள்ளி, யாரைக் கேட்டு என்ற மூன்று கேள்விதான்.

தம்பிக்கு என்ன ஆச்சு என்கிறீர்களா? தெருக்காரர்கள் ஒன்றாகப் போய்ப் பேசிய பிறகு, அந்தக் கம்பெனி விசிறிகளைச் சுற்றித் தடுப்புகள் வைத்தது. சத்தம் குறைந்தது. போகவில்லை.

"வித்துடலாமேடா?"

"விக்கலாம்ணா. வாங்கறவன் பகல்ல வந்து பார்க்கணும். ராத்திரி வந்துட்டான்னா?"

சுவர் ஓரம் செருப்பு

சித்தி திரும்பி வந்துவிட்டாள். சென்னையின் மேற்குப் புறநகரில் வீடு. வாசலில் ஷேர் ஆட்டோ, பின்னால் ரயில், எதிரே டைலர் கடை எஃப்.எம். முதல் ராத்திரியே பத்து மணி நேரம் தூங்கியிருக்கிறாள்.

"எப்படி சித்தி?"

"இங்கே சத்தம் வரும், போகும்டா. அங்கே வந்தது போகவே இல்லையே!"

எந்த நிபுணரும் எனக்கு இவ்வளவு சுருக்கமாக விளக்கியதில்லை.

சித்தி கேட்ட அடுத்த கேள்விதான் என்னை உலுக்கியது. "நம்ம தெருக் கோடியில மூடிக் கிடக்குதே அந்த ஃபேக்டரி, அதை யாரோ வாங்கிட்டாங்களாம். அங்கே என்னடா வரும்?"

கல்யாண மண்டபமோ, அடுக்குமாடியோ யாருக்குத் தெரியும்? ஆனால் கேள்வி நியாயமானது. டேட்டா சென்டர் விஷயத்தில் மும்பைக்கு அடுத்து இந்தியாவில் முக்கியமான ஊர் சென்னை. கடலடி கேபிள்கள் இங்கே கரையேறுகின்றன. தமிழ்நாடு அரசு 2021-ல் இதற்கென்றே தனிக் கொள்கை வெளியிட்டது. மத்திய அரசு 2022 பட்ஜெட்டில் இதை அடிப்படைக் கட்டமைப்புப் பட்டியலில் சேர்த்தது. சிறுசேரி, அம்பத்தூர் என்று கட்டடங்கள் எழுந்துவிட்டன. வேலை, வருமானம் எல்லாம் நல்லதுதான். நாம் சரியான பட்டியில் கட்டுகிறோமா என்பதுதான் பார்க்க வேண்டியது.

எந்த சர்வே நம்பர் எந்த மண்டலம் என்பது சி.எம்.டி.ஏ. கணக்கில் இருக்கிறது. விசாரித்தேன். சித்தியின் தெரு குடியிருப்பு. ஃபேக்டரி தொழில் மண்டலம். இரண்டுக்கும் எல்லை ஒரே ஒரு காம்பவுண்டு சுவர்.

இப்போது நம் நாட்டு ஒலி மாசு விதிகள், 2000-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ராத்திரி பத்து மணியிலிருந்து காலை ஆறு வரை குடியிருப்புப் பகுதியில் 45 டெசிபல்தான் அனுமதி. தொழிற்பகுதியில் 70. பகலில் 55-க்கு 75. படித்துக் காட்டினேன். சித்தி கையிலிருந்த முருங்கைக்கீரையைக் கீழே வைத்தாள்.

"அப்போ சுவத்துக்கு அந்தப் பக்கம் எழுபது, இந்தப் பக்கம் நாப்பத்தஞ்சா? சத்தம் என்ன, சுவத்துகிட்ட வந்து செருப்பைக் கழட்டி வெச்சிட்டா உள்ளே வரும்?"

வர்ஜீனியாவில் மூன்று கவுண்டிகள் வருடக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்ட பிரச்னை இதுதான். கலர் மேப்பில் கோடு இருக்கிறது. காற்றில் இல்லை. அதனால்தான் மண்டலம் பிரித்தால் மட்டும் போதாது, எல்லையில் எத்தனை அடி தள்ளி, விசிறி எந்தப் பக்கம் பார்த்து, சோதனை எத்தனை மணிக்கு என்றும் எழுத வேண்டியிருக்கிறது.

சென்னைக்கு 2027 முதல் 2046 வரைக்கான மூன்றாவது மாஸ்டர் பிளான் பேச்சு நடந்துவருகிறது. இப்படிப்பட்ட திட்டத்தின் வரைவை மக்கள் பார்வைக்கு வைத்து ஆட்சேபணை கேட்பது சட்டப்படி கட்டாயம். தனி மனைகளின் உபயோகத்தை மாற்றவும் பத்திரிகையில் அறிவிப்பு வரும். பொடி எழுத்தில், சினிமா விளம்பரத்துக்குப் பக்கத்தில். படியுங்கள். உங்கள் தெருப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். கட்டுவதற்கு முன் எழுதும் ஒரு கடுதாசிக்கு உள்ள மதிப்பு, கட்டிய பின் போடும் நூறு கேஸுக்குக் கிடையாது.

இப்படி ஊருக்கு உபதேசம் எழுதி முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். என் மனைவி படித்தாள்.

"நல்லா இருக்கு. நம்ம கீழ்வீட்டு சாருக்கும் ஒரு காப்பி குடுங்க."

சுருக்கென்றது.

பன்னிரண்டு ஃப்ளாட் உள்ள எங்கள் அபார்ட்மெண்ட் சங்கத்துக்கு நான்தான் பொருளாளர். காமர்ஸ் படித்த பாவம். நாலு வருடம் முன்பு ஜெனரேட்டர் வாங்கினோம். எங்கே வைப்பது? தரைத்தளத்தில், ரிட்டயர்டு தலைமை ஆசிரியர் ஒருவரின் படுக்கையறை ஜன்னலை ஒட்டி இடம் இருந்தது. ஓட்டெடுப்பு. பதினொன்றுக்கு ஒன்று. பாஸ்! லாபம் பன்னிரண்டு வீட்டுக்கு, சத்தம் ஒரு வீட்டுக்கு. அவர் அழகான கையெழுத்தில் ஆட்சேபணைக் கடிதம் கொடுத்தார். நான் அதை 'இதர' என்ற ஃபைலில் போட்டேன்.

அடுத்த ஞாயிறு காலை ஆறு மணிக்கு அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். வாட்ச்மேன் வாராவாரம் ஜெனரேட்டரை ஓட்டிப் பார்க்கிற நேரம் அது. படுக்கையறை நாற்காலியில் உட்கார்ந்தேன். 'டுர்ர்ர்' என்று கிளம்பியது. ஒரு மீட்டர் தூரத்தில் 75 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது என்று விதி இருக்கிறது. எங்களுடையது அதற்குள்தான், சர்ட்டிஃபிகேட்டே வைத்திருக்கிறேன். ஆனால் அவர் கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் இருந்த எவர்சில்வர் டம்ளர் மெல்ல ஆடி, ஓரத்துக்கு நகர்ந்தது. அவர் பார்க்காமலே கையை நீட்டிப் பிடித்துக்கொண்டார். நாலு வருடப் பழக்கம்.

"காபி சாப்பிடறீங்களா சார்?" என்றார்.

ஜெனரேட்டர் சோதனையை அன்றைக்கே காலை பதினோரு மணிக்கு மாற்றிவிட்டேன். இடத்தையே மாற்ற எலெக்ட்ரீஷியனிடம் எஸ்டிமேட் வாங்கியாகிவிட்டது. வீட்டுக்கு இவ்வளவு என்று பங்கு போட வேண்டும். வருகிற ஞாயிறு பொதுக்குழு. என் ஓட்டு இந்த முறை கீழ்வீட்டுக்கு. ஆக, பத்துக்கு இரண்டு.

மீதிப் பத்துப் பேரை எப்படி வழிக்குக் கொண்டுவருவது? இந்தக் கட்டுரை வெளியானதும் பத்து ஜெராக்ஸ் எடுத்து, ஒவ்வொரு கதவிடுக்கிலும் சொருகப் போகிறேன். முறைப்படி முன் அறிவிப்பு கொடுக்கவில்லை என்று நாளைக்கு யாரும் கோர்ட்டுக்குப் போய்விடக் கூடாது பாருங்கள்!